பழைய கறுப்பு சைக்கிளின் ஒரிஜினல் பெயின்ட்: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹெர்குலிஸ் என்று தாத்தா ஓட்டிய வண்டி ஏதாவது கைக்கு வந்ததும் பாதிப் பேர் செய்கிற முதல் காரியம், பிரித்துப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவது. அங்கே முதலில் மணல் அடித்து இருக்கிற பெயின்ட் முழுவதையும் எடுப்பார்கள், அதோடு தங்கக் கோடு, கம்பெனி டிரான்ஸ்ஃபர் (ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி வார்னிஷ் பூசிய பெயர்) எல்லாம் போய்விடும், அப்புறம் என்ன பணம் கொடுத்தாலும் அது திரும்ப வராது. என்னிடம் வருகிற ஃபிரேம்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலையே தேவைப்படுவதில்லை. அழுக்கு, பழுத்துப்போன வார்னிஷ், மேல் துரு, அவ்வளவுதான். அடியில் சூளையில் சுட்டு இறுக்கிய கறுப்பு எனாமல் நன்றாகவே இருக்கும்.

எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒன்று. எந்தத் திரவமாக இருந்தாலும் முதலில் பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் காது பட்ஸால் தொட்டுப் பாருங்கள். பட்ஸில் அழுக்கு வந்தால் சரி, கறுப்பாகவோ தங்க நிறமாகவோ வந்தால் அந்தத் திரவம் உங்கள் வண்டிக்கு இல்லை. இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த உப்புத்தாள், கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் இரண்டும் வேண்டாம். தேய்ப்பதெல்லாம் தண்ணீர் விட்டுத்தான், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோதுதான்.

## இது ஒரிஜினல் பெயின்ட்தானா என்றே தெரியவில்லை

பார்க்க வேண்டிய இடங்கள்: பாட்டம் பிராக்கெட் அடிப்பக்கம், சீட் கிளாம்ப் இறுக்கும் இடம், முன்னால் இருக்கும் கம்பெனி பேட்ஜின் ஓரம், செயின் கவருக்குப் பின்பக்கம்.

பிரஷ் கோடு தெரிகிறது, நட்டு தலையிலும் பேட்ஜ் ஓரத்திலும் பெயின்ட் ஏறியிருக்கிறது, குழாய்கள் சேரும் லக் விளிம்புகள் மழுங்கித் தெரிகின்றன என்றால் யாரோ பிற்பாடு டப்பா எனாமல் வாங்கி அடித்திருக்கிறார்கள். நம் ஊரில் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்த மீதி சைக்கிளுக்கு வருவது சகஜம். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

லக் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, மெல்லிய கோடுகள் எங்காவது மங்கலாகத் தெரிகின்றன என்றால் ஒரிஜினல். அதற்கடுத்த தலைப்பிலிருந்து படியுங்கள்.

## மேலே யாரோ அடித்த பெயின்ட் இருக்கிறது

நல்ல செய்திதான். பிரஷ்ஷால் அடித்தவர்கள் பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே அடித்திருப்பார்கள், அதனால் ஒரிஜினல் அடியில் பத்திரமாக இருக்கும்.

முதலில் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே அடித்திருந்தால் தோல் மாதிரி உரிந்து வரும். பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பை வைத்து நிதானமாகத் தள்ளினால் போதும், இரும்புச் சுரண்டி வேண்டாம்.

உரியவில்லை என்றால் ஒரு சதுர அங்குலத்தில் மட்டும் தின்னர் தொட்ட துணியைச் சில விநாடி வைத்து எடுங்கள். டப்பா எனாமல் சுருங்கும், சூளையில் சுட்டது அவ்வளவு சீக்கிரம் அசையாது. இந்த வித்தியாசம்தான் உங்கள் ஆயுதம். ஆனால் கோடும் டிரான்ஸ்ஃபரும் இருக்கும் இடங்களில் தின்னர் கூடவே கூடாது, அவை சுட்ட எனாமல் இல்லை, அதற்கு மேலே ஒட்டி வார்னிஷ் பூசியவை, தின்னர் பட்டதும் கரைந்து போகும். முன் குழாய், சீட் குழாய், முன் குழாயிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூப் மூன்றிலும் பெயர் இருந்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். பெயர் இருக்கும் இடத்தை 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்து, தங்கம் எட்டிப் பார்க்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக. எட்டிப் பார்த்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ரப்பிங் காம்பவுண்டுக்கு மாறுங்கள். ரொம்ப மெதுவான வேலை, ஒரு குழாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பொறுமை இல்லை என்றால் மேல் பெயின்ட்டை அப்படியே விட்டுவைப்பது தவறே இல்லை.

பெயின்ட் எடுக்கும் ரிமூவர் ஜெல் பக்கம் போகாதீர்கள். அதற்கு மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்ற பாகுபாடு கிடையாது.

## கறுப்பு சாம்பல் பூத்துக் கிடக்கிறது

### துடைத்தால் கையில் பிசுக்கு வருகிறது

பழைய எண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்த பிசுக்கு. பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பனியன் துணி. அதற்கும் போகாத கெட்டிப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து உடனே சோப்புத் தண்ணீரால் கழுவி எடுக்கவும். ஊறவைக்க வேண்டாம். பெட்ரோல் வேண்டாம், அது வார்னிஷை இளக்கும், தீ ஆபத்தும் சேர்ந்து வரும்.

### வெள்ளைத் திட்டாக, சொட்டுச் சொட்டாக இருக்கிறது

போர் தண்ணீரில் கழுவிக் கழுவி வந்த உப்புத் தடம். வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் தொட்டு ஒத்தி எடுங்கள், பிறகு நல்ல தண்ணீர். துருப்பிடித்த இடத்தில் வினிகர் தங்கக் கூடாது.

### சுத்தம் செய்தும் பளபளப்பு இல்லை

மேல்தோல் வெயிலில் செத்துப்போயிருக்கிறது. மிக மென்மையான ரப்பிங் காம்பவுண்டு, விரல் சுற்றிய துணி, உள்ளங்கை அளவு இடம், நிழலில். துணியில் கறுப்பு ஏறும்; இங்கே மட்டும் அது சரி, செத்த பெயின்ட்தான் வருகிறது. லக் விளிம்புகளில் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் எப்போதும் மெலிதாக இருக்கும், நாலு தேய்ப்பில் இரும்பு தெரிந்துவிடும். மேலே வேறு பெயின்ட் இல்லாத கோடு, டிரான்ஸ்ஃபர் மேலே காம்பவுண்டு போகவே கூடாது, அவற்றுக்கு ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் கண்ணால் பார்த்து ஒதுங்கிப் போங்கள், ஏனென்றால் டேப்பை உரிக்கும்போது கோடும் கூடவே வந்துவிடும். கடைசியில் கார் வேக்ஸ் மெலிதாக ஒரு பூச்சு.

தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே மின்னும், உண்மைதான். ஒரு வாரத்தில் தெருப் புழுதி முழுவதும் அதில் உட்கார்ந்திருக்கும்.

### கறுப்பு இல்லை, பச்சையோ சிவப்போ, கீறலில் வெள்ளி தெரிகிறது

1950களின் சில இங்கிலாந்து வண்டிகளில் வெள்ளி அடித்தளத்தின் மேல் கண்ணாடி போன்ற நிற லாக்கர் பூசியிருப்பார்கள், ஃபிளாம்பாயன்ட் என்பார்கள். இதில் காம்பவுண்டு போட்டால் நிறமே மெலிந்துவிடும், டச்சப் செய்தால் கரும்புள்ளியாக நிற்கும். சோப்புத் தண்ணீர், வேக்ஸ், அத்தோடு நிறுத்துங்கள்.

## சந்தனம் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கிறது

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, ஹேண்டில் தண்டிலும் முன் குழாயிலும், சரியாகக் கம்பெனிப் பெயருக்கு மேலேயே இருக்கும். நகத்தால் சுரண்டினால் டிரான்ஸ்ஃபரோடு வரும். ஈரத் துணியைக் கால் மணி நேரம் போர்த்தி வைத்து, ஊறியதும் ஒத்தி எடுங்கள், திரும்பச் செய்யுங்கள்.

சந்தனம் போய் மஞ்சள் கறை மட்டும் நின்றால் (பின் மட்கார்டின் வெள்ளைப் பட்டையில் நன்றாகத் தெரியும்) இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கத்தில் வெயில் படும்படி நிறுத்துங்கள். மஞ்சளாக இருந்தால் வெளுக்கும். சாயக் குங்குமம் என்றால் போகாது, விட்டுவிடுங்கள், அதுவும் அந்த வண்டியின் கதைதான்.

## பிளாஸ்டிக் நாடாவோ ரெக்ஸின் உறையோ சுற்றியிருக்கிறது

வாங்கிய அன்றே பாரில் சுற்றி, பிறகு யாரும் பிரிக்காத நாடா. பிரிக்கும் முன்பு ஒரு முனையில் மட்டும் பாருங்கள். உள்ளே உலர்ந்து இருந்தால் அந்தக் காலத்துக் கறுப்பு, கோட்டோடு சேர்ந்து, கடையில் இறக்கிய அன்று இருந்த மாதிரியே கிடைக்கும். மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கியிருந்தால் முழுத் துரு. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இருப்பதில்லை. ஒட்டிய பசையை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் இளக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் எடுக்கவும்.

## பழுப்புத் துரு

இதில்தான் அதிகம் பேர் தேவையில்லாமல் பெயின்ட்டை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

### புள்ளி புள்ளியாக, தடவினால் மேடு தெரியவில்லை

பக்கத்து நட்டிலிருந்தோ கேரியரிலிருந்தோ வழிந்த துருக் கறையாக இருக்கலாம். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பாதித் துரு இதிலேயே போகும். மீதிக்கு எண்ணெயோடு சேர்த்து நான்கு சைபர் ஸ்டீல் வூல், இறகு தொடுகிற அழுத்தத்தில். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இல்லை, அது உழுதுவிடும்.

### புள்ளிகள் ஃபிரேம் முழுவதும் இருக்கின்றன

இங்கே ஆக்ஸாலிக் அமிலம். ஹார்டுவேர் கடையில் பொடியாகக் கிடைக்கும், தரை பாலிஷ்காரர்கள் வாங்குவது. 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் போதும். விஷம், அதனால் கையுறை கட்டாயம், சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, பொடி மூக்கில் ஏறக் கூடாது. பேரிங், கப், ஸ்டாண்டு எல்லாம் கழற்றிய வெறும் ஃபிரேமைத்தான் ஊறவைக்க வேண்டும். தொட்டி இல்லை என்றால் துணியை நனைத்துச் சுற்றி, மேலே பாலிதீன் கட்டினாலும் வேலை செய்யும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தங்கக் கோட்டில் இருப்பது பித்தளைத் தூள், அதை அமிலம் கடிக்கக்கூடும், அதனால் கோடு இருக்கும் குழாய்களுக்கு முதலில் ஒரு ஓரத்தில் சோதனை. துரு போனதும் நிறைய தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒரு அலசல், உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் எண்ணெய். இந்த உடனே என்பது முக்கியம், மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் செம்பழுப்பு மறுபடி பூத்திருக்கும். மஞ்சளாகப் படிவு தங்கினால் அதிக நேரம் ஊறிவிட்டது என்று அர்த்தம், சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் வைத்து எடுக்கலாம்.

### பெயின்ட் கொப்பளித்திருக்கிறது

கொப்புளத்துக்கு அடியில் துரு பரவியிருக்கிறது. அந்தச் சின்னத் துண்டுப் பெயின்ட்டைக் காப்பாற்ற முடியாது, சுற்றியிருப்பதைக் காப்பாற்றலாம். பிளேடு முனையால் தளர்ந்ததை மட்டும் எடுத்து, துருவைச் சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு. அது துருவைக் கறுப்பாக்கிவிடும், கறுப்பு ஃபிரேமில் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, பல நேரம் அதன் மேல் வேக்ஸ் போட்டு நான் நிறுத்திவிடுவேன்.

### பெரிய செதிலாக, கோட்டோடு சேர்ந்து எழும்பி நிற்கிறது

உடைக்காதீர்கள். நீர்த்த கிளியர் லாக்கர் ஒரு சொட்டைச் செதிலின் விளிம்பில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பாலிதீன் துண்டு வைத்து, ரப்பர் டியூபால் சுற்றிக் கட்டி ஒரு இரவு விடுங்கள்.

### துரு உள்ளிருந்து வருகிறது

சீட் குழாய் வழியாக மழை இறங்கி பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும் வண்டிகளில் இது வரும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓசை திடீரென்று மந்தமானால் அங்கே கூர் ஊசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி இறங்கவில்லை என்றால் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றித் திருப்பித் திருப்பி வைத்து வடியவிட்டால் போதும். இறங்கினால் பெயின்ட் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். குழாய் மாற்றத் தெரிந்த பிரேஸிங் (பித்தளை உருக்கி ஒட்டும்) ஆளிடம் காட்ட வேண்டிய கட்டம் அது.

## லக் பக்கத்தில் மெல்லிய கோடாகப் பெயின்ட் பிளந்திருக்கிறது

பெயின்ட் மட்டும் பிளந்ததா, இரும்பே பிளந்ததா என்று தெரியாமல் இதன் மேல் எதையும் பூசாதீர்கள்.

சோதனை சுலபம். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். பொடியில் ஈரக்கோடு ஊறி வந்தால் விரிசலுக்குள் எண்ணெய் போயிருக்கிறது. இரும்பு பிளந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டுவதை நிறுத்துங்கள், முக்கியமாக ஃபோர்க் தலையில் என்றால். ஈரம் வராவிட்டாலும் அந்தக் கோட்டின் மேல் பெயின்ட் மறுபடி மறுபடி பிளந்தால் காட்டிவிடுவது நல்லது.

யாரிடம் காட்டுவது என்பதில் கவனம். இந்த ஃபிரேம்கள் லக்குக்குள் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியவை. கேட் செய்யும் கடையில் ஆர்க் வெல்டிங் வைத்தால் பக்கத்துக் குழாய் வெந்து அங்கே அடுத்த விரிசல் வரும். பித்தளை பிரேஸிங் தெரிந்தவர்தான் வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் அளவு பெயின்ட் எரியும், அதைத் தவிர்க்க முடியாது.

## தங்கக் கோடும் கம்பெனிப் பெயரும்

### மேலே மஞ்சள் பூத்து மங்கியிருக்கிறது

வார்னிஷ் பழுத்தது. சோப்புத் தண்ணீர் தொட்ட பட்ஸ், உருட்டுவதுபோல், தேய்க்காமல். பட்ஸில் பழுப்பு வரும் வரை தொடரலாம். பழுப்பு நின்ற பிறகும் மஞ்சளாக இருந்தால் அதை எடுக்க முயலாதீர்கள், வார்னிஷ் போகும்போது அடியில் இருப்பதும் போகும்.

### கோடு பச்சையாக, பழுப்பாக மாறியிருக்கிறது

பித்தளைத் தூள் கறுத்தது. பாலிஷ் போட்டுத் திருப்ப முடியாது. பேட்ஜைப் பளபளப்பாக்க வாங்கிய பிராசோவைக் கோட்டிலும் ஒரு இழு இழுக்கத் தோன்றும், கோடே இருக்காது. பேட்ஜுக்கும் கழற்றி எடுத்துத்தான் பிராசோ, ஃபிரேமில் இருக்கும்போது போட்டால் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ளும்.

### நடுநடுவே கோடு அறுந்திருக்கிறது

விட்டுவைப்பதே என் விருப்பம். போட்டே ஆக வேண்டும் என்றால் அறுந்த இடத்தை மட்டும் இணையுங்கள், முழுக் கோட்டையும் புதிதாக இழுத்தால் பழையது பக்கத்தில் அழுக்காகத் தெரியும். நீள முடி லைனர் பிரஷ் வேண்டும், கையும் வேண்டும். கை நடுங்கும் என்றால் லாரி பாடியில் கோடு போடுபவரிடம் கொடுங்கள். நாமக்கல், கரூர் பக்கம் என்றால் தேட வேண்டியதே இல்லை. சென்னையில் புல்லட் டேங்குக்குத் தங்கக் கோட்டைக் கையால் போட்டு வந்தவர்களே இருக்கிறார்கள், இது அழிந்துபோன கலை இல்லை.

### பெயர் முழுவதும் போய்விட்டது

புதிதாக அச்சடித்த டிரான்ஸ்ஃபர் வாங்கலாம், ஆனால் எந்த வருடத்து வண்டி, எங்கே செய்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். பேட்ஜில் நாட்டிங்ஹாம் என்று இருக்கும் ராலேயும் அசன்சோலில் செய்த சென்-ராலேயும் ஒன்றல்ல. ஹெர்குலிஸ் 1951லிருந்து அம்பத்தூரிலேயே தயாரானது, அதற்கு இங்கிலாந்து டிரான்ஸ்ஃபர் ஒட்டினால் பொய். பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் மேல் வருடமும் மாதமும் குத்தியிருக்கும், 58, 3 என்றால் 1958 மார்ச். சக்கரம் மாற்றிய வண்டியாகவும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

## டச்சப் செய்த இடம் காட்டிக் கொடுக்கிறது

பளபளப்பு வேறாக இருக்கிறது: புதிய பெயின்ட் மேடாக நிற்கிறது. ஒரு வாரம் காயவிட்டு, 2000 பேப்பர் தண்ணீரோடு, பிறகு காம்பவுண்டு. இனி டச்சப் செய்யும்போது பிரஷ் வேண்டாம், பல் குச்சி முனையால் பள்ளத்தை மட்டும் நிரப்புங்கள்.

நிறம் வேறாக இருக்கிறது: கறுப்பில் அபூர்வம். பச்சை, மரூன் வண்டிகளில் கார் பெயின்ட் கலக்கும் கடைக்கு மாதிரி கொடுக்கும்போது பேட்ஜுக்கு அடியில் இருக்கும் வெயில் படாத நிறத்தைக் காட்டிவிடுகிறார்கள். டச்சப் செய்யப் போகும் வெளுத்த இடத்தையே காட்டுங்கள்.

சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிட்டது: ஒன்று, முதல் பூச்சு காயும் முன் இரண்டாவது போட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால் அடியில் இருப்பது ஒரிஜினலே இல்லை, பிரஷ் எனாமல். மேலே இரண்டாவது தலைப்புக்குத் திரும்புங்கள்.

கிளியர் பால் போல வெளுத்துவிட்டது: ஈரக்காற்றில் லாக்கர் அடித்ததால். ஐப்பசி, கார்த்திகையில், அதுவும் மாலையில், அடிக்கவே கூடாது. காய்ந்த நாள் பார்த்து, ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துவது) கலந்த தின்னரை மெல்லிய பனி மாதிரி ஒரு முறை தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

## எல்லாம் முடித்து மாட்டிய பிறகு டைனமோ விளக்கு எரியவில்லை

டைனமோவிலிருந்து ஒரே ஒரு ஒயர்தான் போகும், திரும்பும் வழி ஃபிரேம்தான். டைனமோ பிராக்கெட்டில் கூர் முனையுள்ள சின்ன ஸ்க்ரூ ஒன்று பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடும்படி வைத்திருப்பார்கள். துரு முதலில் கிளம்பும் இடங்களில் அதுவும் ஒன்று, அதனால் நீங்கள் அதைச் சுத்தம் செய்து அழகாக அடைத்திருப்பீர்கள். ஸ்க்ரூவைப் பழைய அதே புள்ளியில் வைத்து இறுக்குங்கள், புதிய துளை போட வேண்டாம். அப்படியும் எரியவில்லை என்றால் முன் விளக்கின் பிராக்கெட் இறுகும் இடத்தில் டச்சப் பெயின்ட் ஏறியிருக்கிறதா பாருங்கள். தொடும் இடத்தைப் பிளேடால் சுரண்டி, சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் துருவும் பிடிக்காது.